நாகர்கோவில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது

தம்பி,

கௌசல்யாவை அவள் அப்பாவின் முன்னால் பொய்க்காரியாக்கியது நீ. வேறு யாருமில்லை. நான்கு நாளாக உனக்குப் போன் போடுகிறேன், எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பதாகக் குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் உன் படத்தோடு ஒரு கட்டுரை எழுதியிருந்தாயே, அதை எழுத மட்டும் நேரம் இருந்திருக்கிறது. ஊரே படிக்கட்டும் என்றுதான் நீ அதை எழுதினாய். நானும் அப்படியே எழுதுகிறேன். உன் அப்பா வேண்டாம் என்கிறார். "பெத்த புள்ளைய பேப்பர்ல போட்டுத் திட்டுனா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்று கேட்கிறார். ஊரார் வீட்டுப் பெண்ணின் படிப்பு போய்க்கொண்டிருக்கும்போது என் மகனுக்குப் பெண் கிடைக்குமா என்று கவலைப்பட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உன் கட்டுரையை மறுநாள் சத்துணவுக் கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். முட்டை வேகிற நேரம். ஆறுகளின் பெயரையும் மாவட்டங்களின் பெயரையும் மனப்பாடம் செய்த காலம் மலையேறிவிட்டது, எல்லாம் கைக்குள் இருக்கும்போது அதைத் தலைக்குள் திணிப்பது வன்முறை என்று எழுதியிருந்தாய். நடுவில் என்னையும் இழுத்துவிட்டிருந்தாய். சின்ன வயதில் மலைப்பாதைப் பேருந்தில் உன் அம்மா உன்னை மாவட்டப் பெயர்களை ஒப்பிக்கச் சொன்னதாகவும், நீ வாந்தி எடுத்துக்கொண்டே ஒப்பித்ததாகவும், அன்றைக்கே புவியியல் உனக்குக் கசந்துவிட்டதாகவும். அதைப் படித்தவர்கள், பாவம் என்று உச்சுக் கொட்டியிருப்பார்கள். இணையத்தில் அதற்குக் கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எனக்குக் கவுன்சிலிங் தேவை என்று எழுதியிருந்தார். சத்துணவு அமைப்பாளரையும் டீச்சர் என்றே கூப்பிடும் ஊர் இது. பக்கத்தில் இருந்த ஆயா, "என்னங்க டீச்சர், அவ்வளவு பெரிய போட்டோ, தம்பி நல்லா இருக்காப்ல" என்றாள். ஆமாம், படம் நன்றாகத்தான் இருந்தது.

உண்மை என்ன என்று உனக்கும் தெரியும். உன் காதுக்கு மருந்து போட மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் கோயம்புத்தூருக்கு உன்னைக் கூட்டிப்போன நாட்கள் அவை. பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியதுமே உனக்குக் குமட்டும். எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தாய், புளிப்பு மிட்டாய் சப்பினாய், எதுவும் நிற்கவில்லை. பின் சீட்டில் இருந்த ஓர் அம்மா, "ஏனுங்க, பையன ஏதாச்சும் பேச வையுங்க. வாய மூடிட்டு வெளிய பாத்துட்டே வந்தா எனக்கே வருமுங்க" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தோளில் தொங்கவிட்டு விற்ற தமிழ்நாடு மேப்பை வாங்கி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தோம். அதைப் பார்த்து நீயும் நானும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். நீலகிரிக்குக் கீழே கோயம்புத்தூர், அதற்குக் கிழக்கே ஈரோடு, ஈரோட்டைத் தாண்டினால் கரூர் என்று நீ சொல்லிக்கொண்டே வருவாய். தெற்கே இறங்கி இறங்கிக் கன்னியாகுமரிக்கு நீ வந்து சேரும்போது பஸ் வெள்ளியங்காட்டுக்கு வந்திருக்கும். வாந்தி வராது. நீ ஒப்பித்ததால்தான் வாந்தி நின்றது. அதைத் தலைகீழாக மாற்றி எழுதிக் கைதட்டு வாங்கியிருக்கிறாய். அதற்காக நான் கோபப்படவில்லை. அம்மாவை விற்பது எழுதுகிறவர்களுக்குப் பழக்கம்தான் என்று விட்டுவிடுவேன். கௌசல்யாவை விற்றதை விடமாட்டேன்.

மனப்பாடத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதே. நாங்கள் படித்த லட்சணம் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் எங்கள் சமூக அறிவியல் சார் மேப்பை ஓர் ஆள் முகமாகத்தான் சொல்லித் தந்தார். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, வேதாரண்யம். பிடரியில் ஒரு புள்ளி, ஊட்டி. கழுத்து நுனியில் ஒரு புள்ளி, கன்னியாகுமரி. பெருவிரலை வைத்து அளந்து புள்ளி வைக்கப் பழகினோம். இரண்டு விரல் தள்ளி வைத்தவளுக்குப் பிரம்படி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தி ஒரு நாள் எழுந்து, "சார், இதுல நம்ம எஸ்டேட்டு எங்கீங்க சார் இருக்குது?" என்று கேட்டாள். "பரீட்சைக்கு வராதத எதுக்குக் கேக்கற, உக்காரு" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். எல்லோரும் மேப்பில் முழு மதிப்பெண் வாங்கினோம். எங்களில் ஒருத்திக்கும் எந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. புள்ளி மட்டும்தான் தெரியும். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து, உனக்காக அந்த மேப்பை வாங்கிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் அந்தப் புள்ளிகளில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதே எனக்கு உறைத்தது. அப்படிப்பட்ட படிப்பைக் குப்பையில் போடு என்று நீ சொல்லியிருந்தால் முதல் ஆளாகக் கூடையைத் தூக்கியிருப்பேன்.

நீ குப்பையைக் கொட்டவில்லை, பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு போனாய். நம் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் ஓய்வு பெற்றபோது நிர்வாகம் அந்த இடத்தை நிரப்பாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எஸ்டேட் பிள்ளைகளுக்கு எதற்கு வரலாறும் மேப்பும் என்று நினைப்பவர்கள்தான் நிர்வாகக் கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து நீ உன் கம்பெனியின் பாடம் ஏற்றிய டேப்லெட் பெட்டிகளோடு ஜீப்பில் வந்து இறங்கினாய். படித்த பள்ளிக்கே முதலில் செய்கிறேன் என்று மேடையில் பேசினாய். சால்வை போட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். அதன் பிறகு அந்த வகுப்புக்கு ஆள் போடவே இல்லை. கேட்டால், "அதான் தம்பி குடுத்த மெஷின் இருக்குதுல்லங்க" என்கிறார் ஹெட்மாஸ்டர். அந்த மெஷினில் பிள்ளைகள் பிரச்சினைகளைத் தீர்க்கிறார்கள், குழுவாகச் சிந்திக்கிறார்கள், நட்சத்திரம் வாங்குகிறார்கள். ஊர்ப்பெயர் ஒன்றும் அதில் இல்லை. வேண்டும்போது தேடிக்கொள்ளலாம் என்பது உன் கொள்கை. ஆனால் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் மேப் கேள்வி இருக்கிறதே. அதனால் தேர்வுக்கு முந்தைய மாதம் கணக்கு சார் வந்து, அதே பழைய ஆள் முகத்தைக் கரும்பலகையில் வரைந்து, மூக்கில் ஒன்று, பிடரியில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்தார். கௌசல்யாவும் வைத்தாள். மேப்பில் முழு மதிப்பெண். அந்த முழு மதிப்பெண்தான் இன்றைக்கு அவள் கழுத்தை அறுக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு வந்தபோது, ஊட்டியில் ஒரு பெரிய ரெசிடென்ஷியல் பள்ளிக்கு நீங்கள் செய்துகொடுத்த பாடத்திட்டத்தை லேப்டாப்பில் எனக்குக் காட்டினாய். உலக வரைபடம் சுழல்கிறது, பிள்ளைகள் நாடுகளின் பெயர் சொல்கிறார்கள், தலைநகர் சொல்கிறார்கள், வாரா வாரம் வினாடி வினா. "இது நம்ம ஸ்கூல்ல இல்லையே" என்று கேட்டேன். "அங்க பேரண்ட்ஸ் கேக்கறாங்கம்மா, குடுத்துத்தான் ஆகணும்" என்றாய். "இங்க?" என்றேன். "இங்க யாரு கேக்கறா?" என்று சிரித்துக்கொண்டே மூடி வைத்தாய். விடுமுறைக்கு விமானத்தில் பறக்கிற பிள்ளைக்குத் தலைநகரமும் மனப்பாடம். கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கு, வேண்டும்போது தேடிக்கொள். இதுதான் உன் புதிய கல்வி. அன்றைக்கே உன்னை உலுக்கியிருக்க வேண்டும். கரும்பு வெட்டிக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

இனி அந்த முகாம் நாளுக்கு வருகிறேன். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு, கவுன்சிலிங்குக்குக் கல்லூரி தேர்வு செய்து தருகிறோம் என்று நீயும் உன் ஆட்கள் சிலரும் கறுப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தீர்கள். உங்கள் எல்லோருக்கும் தக்காளிச் சாதம் கிளறியது நான்தான். கௌசல்யா நர்சிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள். எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்களில் அவளைப்போல உட்கார்ந்து படித்தவள் கிடையாது. அவள் அப்பா மாரிமுத்து டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறார், அம்மா கொழுந்து பறிக்கிறார். அவள் உன் முன்னால் வந்து உட்கார்ந்தபோது நான் பாத்திரத்தோடு கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உங்கள் மெஷின் கல்லூரிகளை நட்சத்திர வரிசையில் காட்டியது. ஒன்றின் படத்தில் கட்டடத்துக்குப் பின்னால் பச்சையாக மலை, மேலே மேகம். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணா, இது நம்ம பக்கந்தானுங்களா? மலையெல்லாம் தெரியுது."

நீ அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஹாஸ்டல் இருக்கு, ரேட்டிங் நல்லா இருக்கு. முதல்ல போடு."

"எந்த ஊருங்கண்ணா?"

"நாகர்கோவில் பக்கம். அதெல்லாம் மேப்ல அப்பறம் பாத்துக்கலாம் பாப்பா. பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாரு."

அவள் விருப்பப் பட்டியலில் அதை முதலில் போட்டாள். எனக்கும் கேட்டது, தெரிந்துதான் போடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். ஈரோட்டுக் கல்லூரியை எங்கேயோ கீழே தள்ளிவிட்டாள். மலை தெரிகிறது, அப்படியென்றால் மேட்டுப்பாளையத்தை ஒட்டி எங்கேயாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், அப்பாவிடமும் அப்படியே சொன்னாள். சிரிக்காதே. இங்கே பிறந்த பிள்ளைக்கு மலை என்றால் நம் மலைதான். தெற்கே கடல் வரைக்கும் இதே தொடர் ஓடுகிறது, அங்கேயும் மேகம் இறங்கும் என்று யார் அவளுக்குச் சொன்னார்கள்? நீ அதைப் பாடத்திலிருந்தே எடுத்துவிட்டாயே. மலையிறங்கிவிட்டால் எல்லாக் கல்லூரியும் ஒரே பஸ் தூரம்தான் என்று நினைப்பவர்கள் நம் லைன்களில் இன்னும் இருக்கிறார்கள். காரமடை, மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர், அதற்கு அப்பால் ஒரு மூட்டம். அந்த மூட்டத்துக்குள் கை விட்டு ஒன்றை எடு என்று ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டு நீ என் தக்காளிச் சாதத்தைச் சாப்பிடப் போனாய்.

சீட் வந்த அன்றைக்கு லைனில் திருவிழா மாதிரி இருந்தது. மாரிமுத்து பேக்கரியிலிருந்து கேக் வாங்கிவந்து வீடு வீடாகக் கொடுத்தார். "நர்சம்மா அப்பன்டா நானு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் ஃபேக்டரியில் மெக்கானிக் ஒருவர் கேட்டிருக்கிறார், எந்த ஊர் என்று. இவர் சொன்னதும், "அட, அது கன்னியாகுமரிகிட்டப்பா. தமிழ்நாடு அங்க முடிஞ்சு போயிருது, அதுக்கு மேல கடல்தான்" என்றிருக்கிறார். மாரிமுத்து ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை, நேராக என்னிடம் வந்தார். கௌசல்யாவும் அவள் அம்மாவும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள்.

"ஏனுங்க டீச்சர், அது அவ்வளவு தொலைவுங்களா?"

ஆமாம் என்றேன். கோயம்புத்தூருக்கு இறங்கி, ராத்திரி ரயில் ஏறி, விடிந்து போய்ச் சேர வேண்டும் என்றேன்.

"போவட்டும், தொலைவுன்னா தொலைவு. அதச் சொல்லிட்டுப் போட்டிருக்கலாமுல்லங்க. பக்கந்தான், மேட்டுப்பாளையம் பக்கந்தான்னு ஏனுங்க எங்கிட்டப் பொய் சொல்லோணும்?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் கௌசல்யா.

"வாய மூடு. பன்னண்டாவது படிச்சவளுக்கு நாகர்கோயில் எங்க இருக்குதுன்னு தெரியாதாமா. கேக்கறவன் கேனையனா? டீச்சர், நீங்களே சொல்லுங்க. பத்தாவதுல மேப்புல முழு மார்க்குன்னு நீங்கதானுங்களே வந்து சொன்னீங்க. கன்னியாகுமரிய அதுல குறிச்சிருக்கறாளா இல்லைங்களா?"

"குறிச்சா. ஆனா அது..." என்றேன். குறித்தாள், ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதை எந்தத் தகப்பன் நம்புவான்? சொல்லிப் பார், உன் காதுக்கே பொய்யாகக் கேட்கும்.

"அவ்வளவு தொலைவுல யாரு இருக்கறாங்கன்னு போறாளுங்க? எவன் இருக்கறான் அங்க?" என்றார். கேட்டதும் அவர் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். கௌசல்யா அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவரைக்கும் அவளை யாரும் அந்த மாதிரிக் கேட்டதில்லை.

அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பெண் ஒருத்தி ஈரோட்டில் சேர்ந்துவிட்டாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊரை முதலில் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அப்பா இருந்தார், ஊட்டிப் பிள்ளைகளுக்குக் கேட்கிற பேரண்ட்ஸ் இருக்கிறார்கள். கௌசல்யாவுக்கு இருந்தது பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதற்குள் இருந்ததை நீ உருவிவிட்டாய்.

இத்தனையையும் குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பியதற்கு நேற்று நீ அனுப்பிய ஒரே பதில் இது: "அவ போன்ல ஒரு தடவ தேடியிருக்கலாமேம்மா. ரெண்டு செகண்ட் வேலை." படித்துவிட்டுப் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். தேடியிருக்கலாம். அதைத் தேட வேண்டும் என்று தோன்றுவதற்கு, நாகர்கோவில் என்ற பேரைக் கேட்டதும் உள்ளே எங்கேயோ தெற்கு என்று ஒரு மணி அடித்திருக்க வேண்டும். உனக்கு அடிக்கிறது. கெத்தை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தோடு கத்திக்கொண்டு வந்தாயே, அதனால் அடிக்கிறது. உன் தலைக்குள் எப்போதும் ஒரு மேப் விரிந்து கிடக்கிறது, அது அங்கே இருக்கிறது என்பதே உனக்குத் தெரியவில்லை, அதனால் எல்லோருக்கும் பிறவியிலேயே அது உண்டு என்று நினைத்துக்கொண்டாய். சந்தேகம் வந்தால்தான் தேட முடியும். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கத்தில் இருப்பதாக நினைக்கிற இடத்தை யாரடா தேடுவான்?

அதற்குப் பிறகு அவளே தேடிப் பார்த்தாள். நேற்று மத்தியானம் சத்துணவுக் கூடத்துக்கு வந்து காட்டினாள். போனில் கல்லூரி தெரிகிறது, வாசல் தெரிகிறது, பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை தெரிகிறது. மஞ்சூரைப் போட்டால் அதுவும் அதே அளவு திரையில் நிரம்பி நிற்கிறது. "ரெண்டும் ஒரே மாதிரித்தான் பெரியம்மா தெரியுது. நடுவுல எவ்வளவு இருக்குதுன்னு எப்படி நெனைக்கறது?" என்று கேட்டாள். மணிக்கணக்கை அது சொல்கிறது. இத்தனை மணி என்றால் அது எந்தெந்த ஊரைத் தாண்டிய மணி, எந்த ஆற்றைத் தாண்டிய மணி என்று அவளுக்கு ஒன்றும் இல்லை, வெறும் எண். பேசிக்கொண்டே, "நான் போறேன் பெரியம்மா. தொலைவுன்னு எனக்குப் பயமில்ல. அப்பா என்னையப் பொய்க்காரின்னு நெனைக்கறாரு, அதோட எப்படிப் போறது?" என்றாள். அவள் கையால் எனக்குப் பருப்புக் கடைந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

என்ன மனப்பாடம் வேண்டும் என்று கேட்பாய். உலகத்துத் தலைநகரங்கள் எல்லாம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது ஊட்டிப் பள்ளிக்காரர்களின் விளையாட்டு, வைத்துக்கொள்ளட்டும். நாம் இருக்கும் இடம், நம்மைச் சுற்றி இருக்கும் மாவட்டங்கள், வடக்கு எது, கடல் எந்தப் பக்கம், எந்த ஊர் போகப் பகலும் எந்த ஊர் போக இரவும் ஆகும், இவ்வளவு ஒரு பிள்ளைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும், அதற்கு ஒரு மேப்பும் ஒரு டீச்சரும் போதும். நம் குந்தா அணைத் தண்ணீர் பவானிக்குப் போகிறது, பவானி காவிரியில் சேர்கிறது. பவர் ஹவுஸ் கேம்ப் பிள்ளைகளிடம் கேட்டேன், "கரண்டுக்குப் போவுதுங்க" என்கிறார்கள். அதற்கு அப்புறம்? தெரியாது. தங்கள் வீட்டைத் தாண்டி ஓடும் தண்ணீர் யாருடைய வயலில் நிற்கிறது என்று தெரியாதவர்கள் நாளைக்கு யாரிடமும் எதையும் கேட்கமாட்டார்கள். கமிட்டிக்கு அதுதான் வசதி. உன் கம்பெனிக்கும் அதுதான் வசதி. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத ஒருவனை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். கொழுந்து பறிக்க இவர்களைக் கூட்டி வந்தவர்களும் எந்த ஊருக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்களா என்ன? அப்போது கங்காணி செய்த வேலையை இப்போது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நீ செய்கிறாய். இதைப் படித்தால் உனக்கு வலிக்கும். வலிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருப்பூர் மில்லுக்கு ஆள் எடுக்கிற புரோக்கர் முந்தாநாள் மாரிமுத்து வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறான். ஹாஸ்டல் வசதி, வாரம் ஒரு சினிமா என்று சொல்லியிருக்கிறான். "அது பக்கத்துலயே இருக்குதுங்க, நெனைச்சா போய்ப் பாத்துட்டு வந்தரலாம். படிச்சுக் கிழிச்சது போதும்" என்கிறார் மாரிமுத்து. நான் பேசிப் பார்த்துவிட்டேன். ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டேன், "ஸ்கூலுக்குக் கெட்ட பேருங்க டீச்சர், மேப்பு சொல்லித் தரலைன்னு நானே எப்படிச் சொல்றது" என்று நழுவிவிட்டார். கணக்கு சாரைக் கேட்டேன், புள்ளி வைக்கச் சொல்லித் தந்ததை வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். எல்லோருக்கும் அவரவர் மானம் பெரிதாக இருக்கிறது. பெண்ணின் மானம் வாசலில் கிடக்கிறது. நான் சொன்னால் மாரிமுத்து நம்பமாட்டார், மகனைக் காப்பாற்ற நான் சுற்றி வளைக்கிறேன் என்றே நினைக்கிறார். "உங்க பையன் பேப்பர்லயே எழுதியிருக்காப்லயாமா, இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எல்லாமே கைக்குள்ள இருக்குதுன்னு. அப்பறம் எம்புள்ளைக்கு மட்டும் எப்படிங்க தெரியாமப் போச்சு?" என்று கேட்டார். உன் கட்டுரையை ஃபேக்டரியில் யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். புதன்கிழமை காலையில் புரோக்கரின் வேன் வருகிறது. பணம் அனுப்புகிறேன், வேறு கல்லூரியில் பேசுகிறேன் என்று எனக்குச் செய்தி அனுப்பாதே. இன்னொரு கட்டுரை எழுதி வருத்தம் தெரிவிக்காதே. செவ்வாய்க்கிழமை கடைசி பஸ்ஸுக்குள் மஞ்சூரில் வந்து இறங்கு. நம் வீட்டுக்கு வர வேண்டாம். நேராக லைனுக்குப் போய், மாரிமுத்துவின் வாசலில் நின்று, அக்கம் பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி சொல்: உங்கள் பெண் பொய் சொல்லவில்லை, நாகர்கோவில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் நாங்கள் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.